கரையில் நின்று தோமான் பிடித்தல்

1

ஆண்டுக்கு ஒரு முறை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் என் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். திருமங்கலத்திலிருந்து கல்யாணமாகி ஜொகூருக்கு வந்ததிலிருந்து இது நடக்கிறது. நிரந்தரவாச விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அது பரிசீலனையில் இருக்கும்போதே எங்கள் மகள் பிறந்து, படித்து, சிங்கப்பூரில் வேலைக்கும் போய்விட்டாள்.

கவுண்டரில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சுவாமி மானா?" மலாயில் கணவருக்குச் சுவாமி என்று பெயர். கணவர் எங்கே என்று கேட்கிறார்கள். அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு இன்னோர் ஆண்டு.

இந்த முறை கேள்வி வந்ததும் திரும்பிப் பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. அதில் என் குடை மட்டும் சாய்ந்திருந்தது. "அடா, அடா" என்றேன். இருக்கிறார், இருக்கிறார் என்று பொருள். கவுண்டரில் இருந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. கழிப்பறையிலிருந்து கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள், அவர் இல்லாத ஒரு முழு வாழ்க்கையை நான் நினைத்து முடித்துவிட்டேன்.

ஸ்கூடாய்க்குத் திரும்பும் வழியில், வண்டிகள் நகராமல் நின்ற இடத்தில், அவர் சாவகாசமாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம பாரிட்டுக்குப் போலாம்னு இருக்கேன்." பாரிட் என்றால் இங்கே வாய்க்கால்.

"எதுக்கு?"

"பாரிட்டுக்கு எதுக்குப் போவாங்க? கோயில் கும்பிடவா? தோமான் பிடிக்கத்தான்."

"தனியாவா? எப்பவும் கூட வர்ற முத்தையா அண்ணன்?"

"முத்தையாவுக்கு இப்ப ஞாயித்துக்கெழம டூட்டி லா. தோமான் என்ன, ஆள் சேத்துக்கிட்டு வந்தாத்தான் கடிப்பேன்னு சொல்லுதா?"

 

2

சென்ற ஆண்டு காலைப் பசியாறிக்கொண்டிருக்கும்போது அவருக்கு மாரடைப்பு வந்தது. கையில் இருந்த ரொட்டி சானாய் துண்டைத் தட்டில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் சாய்ந்தார். இதயத்தின் ரத்தக் குழாய்கள் இரண்டில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ரத்தம் கட்டியாகாமல் இருக்க மாத்திரைகள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். நிறுத்தாவிட்டால் சின்ன வெட்டுக்கும் ரத்தம் நிற்காது. "கத்தி, கண்ணாடி, முள், எல்லாத்திலயும் கவனமா இருங்க" என்றார் டாக்டர். என் கணவர் ராஜன் அதற்குச் சிரித்தபடி தலையாட்டினார். டாக்டரிடம் தன் பொழுதுபோக்கு என்னவென்று அவர் சொல்லவில்லை. தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர் என்று மட்டும் சொன்னார்.

ஊரில் இருக்கும் உங்களுக்குத் தோமானைத் தெரிந்திருக்காது. நம் விரால் மீனுக்கு இங்கே நெருங்கிய உறவினர் இருவர். சின்னவர் ஹருவான். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் புண் ஆறுவதற்கு இங்கே எல்லா இனத்தாரும் ஹருவான் சூப் கொடுப்பார்கள். இவர் மருத்துவமனையிலிருந்து வந்தபோது உறவினர்கள் ஆளுக்கொரு ஃபிளாஸ்க் கொண்டுவந்தார்கள். இவருக்கு வெட்டுக்காயமே கிடையாது, மணிக்கட்டு வழியாகத்தான் வைத்தார்கள் என்று நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. "ஒரு காலத்துல நான் அவனப் புடிச்சேன், இப்ப அவன் என்னப் புடிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார்.

பெரியவர்தான் தோமான். வளர்ந்தால் ஓர் ஆளின் தொடை அளவு இருக்கும். மேல் தாடையிலும் கீழ்த் தாடையிலும் பல். பசிக்காகக் கடிப்பதைவிடக் கோபத்தில் கடிப்பது அதிகம். குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் தண்ணீரில் இறங்கிய மனிதர்களையே பாய்ந்து கடித்திருக்கிறது. படகு இல்லாமல் கரையில் நின்று அதைப் பிடிக்க நினைப்பவர் பல வாரம் வெறுங்கையோடு திரும்புவார். இவர் இளவயதிலிருந்து அப்படித் திரும்பிக்கொண்டிருப்பவர். கிடைத்தாலும் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருவார். இதில் என்ன இன்பம் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பல், தூண்டில் முள், தண்ணீர், தனிமை, நிற்காத ரத்தம். ஒவ்வொன்றாகவும் சேர்த்தும் நினைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை அவரிடம் சொன்னேன்.

"நானும் வர்றேன்."

"கரையில உக்காந்து புலம்புறதுக்கா?"

"கத்துக்குறதுக்கு."

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, என் நிபந்தனையையும் சொன்னேன். வீசுவதும் இழுப்பதும் அவர் செய்யலாம். மீன் கரைக்கு வந்த பிறகு அவர் கை அதன் அருகே போகக் கூடாது. தாடையைப் பிடிப்பது, முள்ளைக் கழற்றுவது, தண்ணீரில் விடுவது எல்லாம் நான். மீன் அவருடையது, பல் என்னுடையது.

3

முதல் பாடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திடலில் நடந்தது. முத்தையா அண்ணன் வேடிக்கை பார்க்க வந்தார். என் கணவரின் பழைய கூட்டாளி; லாரி ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது காவலாளி வேலை பார்க்கிறார். என் முதல் வீச்சு பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தில் மாட்டியது. இரண்டாவதும் அங்கேயே.

"தங்கச்சி, மீன் பிடிக்க வந்தியா, துணி காயப்போட வந்தியா?" என்றார் அண்ணன்.

"அலமாக், அவ வீட்ல நடத்துற கணக்கு டியூஷன்ல பசங்களுக்குக் கோணம் வரைய சொல்லித் தர்றவ. இங்க கோணம் வரல பாரு" என்றார் இவர்.

ஆனால் அன்று மாலைக்குள் கோணம் வந்துவிட்டது. நூலை எப்போது விரலிலிருந்து விடுவது என்பதுதான் முழு விஷயமும். கோல் தலைக்கு மேல் வந்ததும் விட்டால் லூர் வானத்துக்குப் போகும். தாமதித்தால் காலடியில் விழும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கை கண்டுபிடித்துவிட்டால் பிறகு மறப்பதில்லை. லூர் என்பது மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த பொம்மை மீன். வயிற்றிலும் வாலிலும் மூன்று மூன்று முள்ளாகத் தொங்கும். அந்த முட்களை முதல் முறை அருகில் பார்த்தபோது, இதையா இந்த மனிதர் இத்தனை காலம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார் என்று ஒவ்வொரு முள்ளாக எண்ணிப் பார்த்தேன்.

பெக்கான் நானாஸுக்கு வெளியே, அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவில் ஓடும் வாய்க்கால்தான் அவருடைய பாரிட். கரி மண் ஊறிய தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். உள்ளங்கையை ஒரு சாண் ஆழத்தில் வைத்தால் விரல்கள் தெரியாது. கரை பார்ப்பதற்குத் தரைபோல் இருந்தாலும் மிதித்தால் மெத்தைபோல் அமுங்கும். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்துக் கண்மாயில் மீன் பிடித்தால் ஊரே இறங்கிக் கலக்கும். முழங்கால் தண்ணீர், சேறு, கூச்சல். இங்கே சத்தமே கூடாது. நிழல் தண்ணீரில் விழக் கூடாது. சுற்றிலும் அன்னாசி மடல்கள் முள்ளும் தானுமாக அசையாமல் நிற்கும். உடும்பு ஒன்று பொத்தென்று தண்ணீரில் குதித்தபோது நான் கத்தியது அந்தத் தோட்டம் முழுவதும் கேட்டிருக்கும்.

"ஓகே, இன்னிக்கு மீனுக்கெல்லாம் லீவு" என்றார்.

நான் சமையலறை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். இடது பையில் தாடையைக் கவ்வும் இடுக்கி, நீள மூக்குக் குறடு, முள்ளையே வெட்டும் கட்டர். வலது பையில் பஞ்சுத் துணி, கட்டுத் துணி, பிளாஸ்டர். அவர் அதைப் பார்த்து, "இது ஃபிஷிங்கா, ஆபரேஷன் தியேட்டரா?" என்று கேட்டார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் கற்றுக்கொடுத்தவற்றில் என்னை அதிகம் பயமுறுத்தியது ஒன்று உண்டு. புதிதாக வருபவர்கள் லூர் கரைக்கு வந்ததும் வெடுக்கென்று தூக்கிவிடுவார்கள். அது தவறு. தோமான் தூரத்தில் கடிப்பது குறைவு. அது லூரின் பின்னாலேயே சத்தமில்லாமல் வரும். கரை நெருங்கியதும், இரை தப்பிவிடும் என்று தோன்றும் கடைசி முழத்தில்தான் பாயும். ஆகவே கடைசி முழம்வரை இழுக்க வேண்டும், தண்ணீரிலிருந்து ஓர் அடி பின்னால் நின்று. "அது அங்க இல்ல, சுமதி" என்று எதிர்க்கரையைக் காட்டிவிட்டு, என் செருப்புக்கு முன்னால் இருந்த கறுத்த தண்ணீரைக் காட்டினார். "இங்க இருக்கு."

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினோம். ஒவ்வொரு முறையும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

4

என் அப்பாவைப் பற்றி இங்கே எழுத வேண்டும். அவர் திருமங்கலத்தில் ரேஷன் கடையில் பில் போட்டவர். மாலையில் வாலிபால் ஆட்டங்களுக்கு நடுவர். கழுத்தில் விசில் இல்லாமல் வெளியே போக மாட்டார். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அவர் நெஞ்சுவலி வந்து பிழைத்தார். அதன் பிறகு அம்மா அவரைப் பார்த்துக்கொண்டாள். சைக்கிள் கூடாது. மைதானம் கூடாது, கூட்டத்தில் யாராவது இடித்துவிடுவார்கள். டீக்கடை கூடாது, அரசியல் பேசிப் படபடப்பு வரும். அப்பா ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பல ஆண்டுகள் உட்கார்ந்தார். நான் ஜொகூரிலிருந்து பேசினால், "நல்லா இருக்கேம்மா" என்பார். அதற்கு மேல் அவரிடம் சொல்ல எதுவும் இருக்காது.

அவர் இறந்தபோது எல்லோரும் அம்மாவிடம், "எம்புட்டு நல்லாப் பாத்துக்கிட்டீக" என்றார்கள். உண்மைதான். அம்மா செய்தது தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவின் பயம் எவ்வளவு என்பது சென்ற ஆண்டு ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

5

இரண்டு நாள் மழைக்குப் பிறகு ஒரு ஞாயிறு. கரை வழக்கத்தைவிட அதிகமாக அமுங்கியது. திரும்பிவிடலாம் என்றேன். "பத்து வீச்சு, அப்புறம் தோசை" என்றார்.

லூர் கரையிலிருந்து ஒரு முழம் இருக்கும்போது தண்ணீர் பிளந்தது. கதவை ஓங்கிச் சாத்தியதுபோல் ஒரு சத்தம். கோல் வளைந்து நுனி தண்ணீருக்குள் போனது. இவர் முகத்தில் நான் ஓர் ஆண்டாகப் பார்க்காத ஒன்று வந்தது. என்னால் அவருடைய மார்பைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. "மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மீனை அலையவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் ஓரத்துக்குக் கொண்டுவந்தார். கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட உடம்பு. தட்டையான பாம்புத் தலை.

"ஒன் வேலை" என்றார்.

நான் மண்டியிட்டேன். இடுக்கியைத் திறந்து தாடைக்குக் கொண்டுபோனேன். மீன் வாயைத் திறந்தது. உள்ளே வரிசையாகப் பற்கள். ஒரு கணம் என் கை நின்றது. மீன் உடம்பை முறுக்கிக்கொண்டு என் முழங்கையை நோக்கித் துள்ளியது. லூரின் வால்முட்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அவை என் மேல் படப்போகின்றன என்று கண்டு இவர் கோலைப் போட்டுவிட்டு வெறுங்கையை நடுவில் நீட்டினார்.

முள் அவருடைய உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே இறங்கியது. மறுமுனையில் மீன் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது. அது துள்ளும்தோறும் அவர் கை இழுபட்டது. ரத்தம் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடிச் சொட்டியது. அவர் கத்தவில்லை. "சுமதி" என்றார், மெதுவாக. அந்தக் குரலில் முதல்முறையாகப் பயம் இருந்தது.

நான் மீனின் மேல் முழங்காலை வைத்து அழுத்தினேன். கட்டரை எடுத்தேன். கையில் இறங்கிய முள்ளை லூரிலிருந்து வெட்டிப் பிரித்தேன். பிறகு மீனின் வாயிலிருந்த முள்ளையும் வெட்டிவிட்டுக் காலாலேயே அதைத் தண்ணீருக்குள் தள்ளினேன். கையில் இருந்த முள்ளைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் கிழியும் என்று படித்து வைத்திருந்தேன். முள்ளைச் சுற்றித் துணி வைத்து இறுக்கி, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, அவரைக் காரில் ஏற்றினேன். பொந்தியான் சாலையில் நான் அதுவரை தனியாக வண்டி ஓட்டியதில்லை. துணி சிவந்துகொண்டே வந்தது. சாலையைப் பார்ப்பதா துணியைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஓட்டினேன்.

கிளினிக்கில் தாதி மலாயில் கேள்விகள் கேட்டார். இத்தனை ஆண்டு பேசிய மலாயில் ஒரு சொல்கூட என்னிடம் இல்லை. "ரத்தம் நிக்காதுங்க, மாத்திரை சாப்பிடுறாருங்க, ஸ்டென்ட் வெச்சிருக்குங்க" என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த மலாய்ப் பெண் "ஸ்டென்ட்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு டாக்டரை அழைக்க ஓடினார். முள்ளை முன்பக்கமாகத் தள்ளி, அதன் நுனிக் கொக்கியை நறுக்கி, பின்னால் இழுத்து எடுத்தார்கள். பிறகு டாக்டர் தன் இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். விலக்கிப் பார்த்தார். மீண்டும் அழுத்தினார். நிற்கவே போவதில்லை என்று நான் நம்பத் தொடங்கிய பிறகு நின்றது.

6

காயம் சின்னதுதான், ஆறிவிட்டது. ஆனால் இவர் பாரிட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

நான் எதற்காக வேண்டிக்கொண்டேனோ அது கிடைத்தது. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து மகள் யாழினி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள்: "குட் வாட் மா! ஃபைனலி அப்பா கேட்டுட்டாரு. நீங்களும் ரிலாக்ஸ் பண்ணுங்க, ஓகே? சாரி மா, திஸ் வீக்கும் வர முடியல." நான் ஓகே என்று அனுப்பினேன்.

பிறகு கவனிக்கத் தொடங்கினேன். நான் கத்தியை எடுத்தால் அவர் சமையலறையை விட்டுப் போய்விடுவார். வாசல் கேட்டில் துருப்பிடித்த கம்பியைத் தொடாமல் முழங்கையால் தள்ளித் திறந்தார். நான் பசாருக்குக் கிளம்பினால், "ஒடனே வந்துரு" என்றார். சற்றுத் தாமதமானால் தொலைபேசி அடிக்கும். முத்தையா அண்ணன் வந்து, "என்னடா, தோமான் ஒன்னக் கேட்டுச்சு, ராஜன் செத்துட்டானான்னு" என்று கிண்டல் செய்தபோது இவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு ஒரு காலை, போர்ச்சில் நாற்காலியைச் சாலையைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன்."

அப்பா ஃபோனில் சொல்லும் அதே பதில். ஆம்புலன்ஸில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

"ஞாயித்துக்கெழம நான் பாரிட்டுக்குப் போறேன்" என்றேன்.

"யாருகூட?"

"தனியா."

"பைத்தியமா ஒனக்கு? நீச்சல் தெரியாது, மீன இழுத்துப் பழக்கமில்ல. கரை வழுக்கிச்சுன்னா யாரு இருக்கா?"

"அதான் நானும் ஒங்களக் கேட்டேன்."

7

அவர் வந்தார். காரை விட்டு இறங்கவில்லை. முன் கதவைத் திறந்து வைத்து, கால்களைக்கூட வெளியே போடாமல் உட்கார்ந்திருந்தார். இடுக்கியும் குறடும் கட்டரும் இருந்த ஏப்ரனை அவர் மடியில் போட்டுவிட்டு, நான் கோலை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

எனக்கு மீன் வேண்டாம். வராது என்றுதான் நம்பினேன். நான் வீசுவதைப் பார்த்து அவரால் சும்மா இருக்க முடியாது, திட்டவாவது இறங்குவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். கோணல்மாணலாக வீசினேன். "மணிக்கட்டு, மணிக்கட்டு" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. அவ்வளவுதான். இறங்கவில்லை.

கணக்கு தப்பியது. கடைசி முழத்தில் தண்ணீர் பிளந்தது.

கோல் என் கையை விட்டுப் போகப் பார்த்தது. வயிற்றில் அடிப்பகுதியை ஊன்றிக்கொண்டேன். செருப்பு கரையில் சறுக்கியது. "ஏங்க" என்று கத்தினேன்.

"விட்டுடு! நூல அறுத்துடு!"

"கட்டர் ஒங்ககிட்ட இருக்கு!"

கார்க் கதவு அடைபடும் சத்தம் கேட்டது. அவர் ஓடவில்லை, ஓடக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். எனக்குப் பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்து ஓர் அடி பின்னுக்கு இழுத்தார். "எறக்கு. கோல எறக்கு. அது இழுத்தா குடு, நின்னா வாங்கு." நான் கொடுத்தேன், வாங்கினேன். மீன் புல் ஓரத்துக்கு வந்தது. போன தடவையதைவிடச் சின்னது. பற்கள் அதே பற்கள்.

கோலை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். என்னால் குனிய முடியாது. அவர் மண்டியிட்டார். உள்ளங்கையில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. ஏப்ரனிலிருந்து எடுத்த இடுக்கியை நீட்டினார். அது மீனுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. வேண்டாம், அறுத்துவிடுங்கள் என்ற சொல் என் வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை உள்ளேயே வைத்தேன்.

இடுக்கி இறங்கித் தாடையைக் கவ்வியது. குறடு முள்ளைத் திருப்பிக் கழற்றியது. மீன் சிறிது நேரம் செவுளை விரித்துக்கொண்டு ஓரத்திலேயே கிடந்தது; பிறகு கறுத்த தண்ணீரில் எங்கே போனது என்றே தெரியவில்லை. நான் அவருடைய இரண்டு கைகளையும் வாங்கிப் புறங்கை, உள்ளங்கை, விரலிடுக்கு என்று பார்த்தேன். சேறு இருந்தது. ரத்தம் இல்லை. அவரும் என் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"குடு" என்றார்.

கோலைக் கேட்கிறார் என்று புரிந்தது. என் விரல்கள் உடனே திறக்கவில்லை. போதும், வீட்டுக்குப் போகலாம், இரண்டு பேரும் முழுசாக இருக்கிறோம். அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சொன்னால் கேட்டிருப்பார் என்றும் தெரியும். அவர் அவசரப்படுத்தாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

கொடுத்தேன். அவர் வீசிய லூர் எதிர்க்கரைப் புல் ஓரத்தில் சத்தமில்லாமல் விழுந்தது. நான் இடுக்கியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்று, எங்கள் காலடித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.